எழுத்தின் யாக்கை

திருக்குற்றாலத்தில் எழுந்தருளியிருக்கும் குற்றாலநாதருக்குத் தீராத தலைவலி என்று எங்கள் பக்கத்தில் ஓர் ஐதீகம் உண்டு. கைலாயத்தில் நடந்த திருக்கல்யாணத்தைத் தரிசிக்க உலகத்தார் அனைவரும் வடக்கே திரண்டதனால் பூமி ஒருபக்கம் தாழ, அதைச் சமன்செய்யும்பொருட்டுத் தெற்கே அனுப்பப்பட்ட அகத்திய முனிவர் குற்றாலத்தை அடைந்து, அந்நாளில் திருமால் தலமாயிருந்த அவ்வாலயத்தின் வாயிலில் சிவவேடத்தோடு சென்றபோது தடுக்கப்பட்டு, பின்னர் வைணவ வேடம் தரித்து உள்ளே புகுந்து, நின்ற திருக்கோலத்தில் இருந்த மூர்த்தியின் சிரத்தில் கைவைத்து அழுத்த, அது சிவலிங்கமாகக் குறுகிற்று என்று தலபுராணம் கூறும். முனிவரின் விரல் பதிந்த தடம் லிங்கத்தின்மேல் இன்றும் இருப்பதாகச் சொல்வார்கள். அந்த அழுத்தத்தால் உண்டான தலைவலி தணியவே, மூலிகைகளும் வேர்களும் சேர்த்துக் காய்ச்சிய தைலத்தைச் சுவாமிக்கு நாள்தோறும் சாத்துகிறார்கள்.

இந்தக் கதையைச் சைவ வைணவப் பூசலின் எச்சமாகப் படிக்கிறவர்கள் உண்டு. அப்படிப் படிப்பதும் நியாயமே. ஆனால் சென்ற ஆனி மாதத்திற்குப் பிறகு எனக்கு இது வேறொரு விஷயத்தைச் சொல்லும் கதையாகிவிட்டது. நம் புராணங்களில் உருமாறுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. பெண் கல்லாகிறாள், கந்தர்வன் முதலையாகிறான், அரசன் ஓணானாகிப் பாழுங்கிணற்றில் கிடக்கிறான். உருமாறியதனால் வலித்தது என்றும், அந்த வலிக்கு நித்தியப்படி மருந்திட வேண்டும் என்றும் சொல்லுகிற தலம் நான் அறிந்தவரை இது ஒன்றுதான். ஒரு பொருள் ஒரு வடிவத்தை விட்டு இன்னொரு வடிவத்திற்குள் போகும்போது எது கூடவே போகிறது, எது நின்றுவிடுகிறது என்ற கேள்வியை நான் சாஸ்திரப் புத்தகங்களில் பலமுறை வாசித்திருந்தும், அது என் மண்டையில் உறைத்தது ஒரு டிடிபி கடையில்தான்.

என் தமையனார் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். குற்றாலத்தையும் தென்காசியையும் சூழ்ந்த கோயில்களின் கதைகள், மேலகரத்திலும் இலஞ்சியிலும் மூதாட்டிகள் பாடக் கேட்ட கும்மிகள், பிரசங்கக் குறிப்புகள் என்று முப்பது ஆண்டுகள் நோட்டுப் புத்தகங்களில் எழுதிச் சேர்த்தவற்றை, 2002-ல் ஒரு தட்டச்சுக் கடையில் கொடுத்துக் கணினியில் ஏற்றி, ஒரு குறுந்தகட்டில் வாங்கி வைத்துக்கொண்டார். நோட்டுப் புத்தகங்கள் பரணில் கரையானுக்கு இரையாயின. சில வருஷங்களில் அவரும் காலமானார். அவருடைய பழைய பஞ்சாங்கக் கட்டுக்கு நடுவே அந்தத் தட்டு மட்டும் கிடந்தது.

சாரல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு முற்பகலில், காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலின் காற்று குடையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்க, தட்டை மடியில் செருகிக்கொண்டு, ரத வீதிப் பக்கம் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவனிடம் போனேன். தட்டைப் படிக்கும் கருவியை எங்கிருந்தோ தேடியெடுத்துப் பொருத்தி அவன் கோப்பைத் திறந்தான். 312 பக்கங்கள். அத்தனையும் ஆங்கில எழுத்துகள். நடுநடுவே அரைப்புள்ளிகள், அடைப்புக்குறிகள். ஒரு சொல்கூட வாசிக்கும்படி இல்லை.

"வைரஸ் ஏதும் தின்னுட்டுதா தம்பி?" என்று கேட்டேன்.

"வைரஸ்லாம் இல்ல சார். இது பாமினிலா. இந்தா பாருங்க, ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு செமிகோலன். இதுதான் 'தமிழ்'."

அவன் சொன்னது எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. பாமினி என்னும் அந்த எழுத்துருவில், ஆங்கில ஜே இருக்க வேண்டிய இடத்தில் தகரத்தின் படத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். கே இருக்கும் இடத்தில் மகரம். பி இருக்கும் இடத்தில் இகரக் கொக்கி. ஓ இருக்கும் இடத்தில் ழகரம். அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் மெய்யெழுத்தின் தலைப்புள்ளி. கணினி அறிந்தது ஆங்கிலம் மட்டுமே. அந்த ஆங்கிலத்திற்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுவது எழுத்துருவின் வேலை. முகமூடி இல்லாத யந்திரத்தில் கோப்பைத் திறந்தால் ஜே, கே, பி, ஓ என்று பல்லை இளிக்கிறது. மாணவன் எழுத்துருவைப் பதித்தான். முழுவதையும் தெரிவு செய்து ஒரு சொடுக்குச் சொடுக்கினான். திரையில் என் தமையனாரின் தமிழ் வந்து நின்றது.

"பெரிய சார் நடைலா இது!" என்றான் அவன்.

அப்படியானால் இத்தனை வருஷம் அந்தத் தட்டுக்குள் இருந்தது தமிழா, தமிழல்லவா? அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் மற்ற மதங்களை மறுக்கப் புகுந்தபோது முதலில் எதிரே நிறுத்தியது உலகாயதனை. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் கூடியபோது, அவற்றுள் எதிலும் இல்லாத சிவப்பு உண்டாவதுபோல், பூதங்கள் கூடியபோது அறிவு உண்டாகிறது, கூட்டம் கலைந்தால் அறிவும் இல்லை, உயிர் என்று தனியே ஒன்றைத் தேடாதே என்பது உலகாயதர் வாதம். பாமினிக் கோப்பு சுத்தமான உலகாயதம். அதில் ஆங்கிலக் குறியும் எழுத்துருவும் கூடியவரை தமிழ் என்னும் சிவப்பு உண்டு. எழுத்துரு பிரிந்தால் தமிழ் எங்கேயும் போய்விடவில்லை, அது எங்கேயும் இருந்ததே இல்லை. இப்படிப்பட்ட எழுத்துருக்கள் பல, அவற்றின் ஏற்பாடுகளும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று இரண்டு முறைகள் வகுக்கப்பட்டன. அயல்நாட்டுத் தமிழர்கள் டிஸ்கி என்று ஒன்றை ஆக்கிக்கொண்டார்கள். கடைக்காரர்கள் தங்களுக்குப் பழகியதையே தட்டிக்கொண்டிருந்தார்கள்.

யூனிகோடு இதற்கு நேர்மாறான மதம். அங்கே தகரத்திற்கென்று ஓர் எண், மகரத்திற்கென்று ஓர் எண். எந்த எழுத்துரு வந்தாலும் போனாலும் அந்த எண் தகரம்தான். 1991-ல் வந்த முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கினார்கள். எல்லா இந்திய மொழிகளுக்கும் ஒரே வரிசையில் ஆசனம் போட்ட இந்திய அரசின் பழைய திட்டத்தைப் பின்பற்றியபடியால், ககரத்திற்கு அடுத்து வடமொழியின் மூன்று ககரங்களுக்கான நாற்காலிகள் தமிழ் வரிசையில் இன்னும் காலியாகக் கிடக்கின்றன. இன்னொரு வேடிக்கை: நம் இலக்கணம் மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் ஆகிறதென்று சொல்ல, இங்கே 'க' என்னும் உயிர்மெய்யை முதலில் வைத்து, அதன்பின் புள்ளியென்னும் தனிக் குறியை இட்டு அகர உயிரைப் போக்கினால்தான் 'க்' கிடைக்கும். உயிர் வந்து உடலிற் புகுவதைத் தொல்காப்பியர் எழுதினார். கணினி எழுதுவது உயிரைப் பிரித்து உடலை எடுக்கும் கணக்கு. இது தமிழியல்புக்கு மாறு என்று வாதாடியவர்கள் ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் டேஸ் 16 என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். 2010-ல் தமிழ்நாடு அரசு இரண்டையும் தரமாக ஏற்றது. நான் அந்த வழக்கிற்குள் நுழையவில்லை.

யூனிகோடு வந்ததனால் உயிர் உடலினின்று விடுதலை பெற்றுவிட்டது என்று பலரும் பேசக் கேட்டிருக்கிறேன். சித்தாந்தம் படித்தவன் அவ்வளவு எளிதில் அதற்கு உடன்பட மாட்டான். தனுவும் கரணமும், அதாவது உடலும் கருவிகளும், பெறாத கேவல நிலையில் உயிர் இருளில் கிடக்கிறது. அது அழியவும் இல்லை, விளங்கவும் இல்லை. தமிழ் எழுத்துருவே இல்லாத ஒரு யந்திரத்தில் யூனிகோடுக் கோப்பைத் திறந்து பாருங்கள். வரிவரியாக வெற்றுக் கட்டங்கள் நிற்கும். ஒவ்வொரு கட்டத்திற்குள்ளும் ஓர் எழுத்து அழியாமல் இருக்கிறது என்பது சத்தியம். வாசிக்கிறவனுக்கு அந்தச் சத்தியத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. உடல் வேண்டும். எந்த உடல் என்பதுதான் வழக்கு.

"யூனிகோடுக்குக் கன்வெர்ட் பண்ணிருவோம் சார், ரெண்டே நிமிஷம்" என்றான் மாணவன். அப்படியே இரண்டு நிமிஷத்தில் செய்தும் கொடுத்தான். மாற்றித் தரும் பெட்டியில் பழையதை ஒட்டினால் புதியது கீழே வருகிறது; அதை எடுத்து வேர்டில் போட்டு, லதா எழுத்துருவைப் பொருத்தினால் தீர்ந்தது. வீட்டுக்கு வந்து வாசிக்க உட்கார்ந்தபோதுதான் முனிவரின் விரல் தடங்கள் ஒவ்வொன்றாகத் தெரியலாயின.

மாற்றுகிற பெட்டிக்கு எது ஆங்கிலம், எது ஆங்கில வேஷம் போட்ட தமிழ் என்று தெரியாது. தமையனார் ஓரிடத்தில் கடவுளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைச் சிறிய எழுத்தில், ஆங்கிலத்திலேயே எழுதியிருந்தார். ஜி என்பது பகரம், ஓ என்பது ழகரம், டி என்பது னகரம் என்று பெட்டி கணக்குப் போட்டு, 'பழன' என்று அச்சடித்துவிட்டது. ஒரு கொக்கி சேர்ந்திருந்தால் பழனி ஆகியிருக்கும். வெள்ளைக்காரனுடைய கடவுளும் சரியான இடத்திற்கே வந்து சேர்ந்தார் என்று நான் சமாதானப்பட்டிருப்பேன்.

கோயில்களின் பூஜைக் காலங்களைக் காட்டும் அட்டவணை ஒன்று இருந்தது. தட்டச்சுச் செய்தவர் அதை அட்டவணையாக அமைக்காமல், இடைவெளிக் கட்டையைப் பத்துத் தரமும் பதினைந்து தரமும் தட்டி நிரல்களை நேராக நிறுத்தியிருக்கிறார். பழைய எழுத்துருவில் ஓர் இடைவெளியின் அகலம் ஒன்று, லதாவில் வேறொன்று. இடைவெளிகளின் எண்ணிக்கை மாறவில்லை, நிற்கும் இடம் மாறிவிட்டது. அர்த்தசாம பூஜை காலை ஆறு மணிக்கு என்று வந்து நின்றது.

இவையெல்லாம் சிரித்துவிட்டுத் திருத்தக்கூடிய பிழைகள். கும்மிப் பாடல்களில் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டி உரைநடைபோல் ஓடியதும் அப்படியே. அவற்றைப் பிரிக்க எனக்கு மூலம் தேவைப்படவில்லை. வாய்விட்டு வாசித்தேன்; அடிதோறும் இரண்டாம் எழுத்து எதுகையாய் வந்து, இங்கே முறி, இங்கே முறி என்று சொல்லிற்று. எழுத்துரு காட்டாமல் விட்டதை எதுகை காட்டிற்று. பல தாதுக்களால் ஆன உடல் உயிருக்கு எப்படியோ அப்படிச் சொற்களால் ஆன செய்யுள் பொருளுக்கு என்று நன்னூலார் உவமை சொல்வது நினைவுக்கு வந்தது. யாப்பு, யாக்கை இரண்டும் கட்டுதல் என்ற ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். ஏட்டில் சொற்களுக்கிடையே இடம்விட்டு எழுதும் வழக்கம் இல்லை. ஓலை கிழியுமென்று மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட இடமாட்டார்கள். அடி எங்கே முடிகிறதென்று காட்டும் குறி கிடையாது. அப்படிப்பட்ட ஏட்டிலிருந்து அச்சுப் புத்தகத்திற்கு ஒரு விருத்தம் நான்கு அடியாக வந்து சேர்ந்ததென்றால், அதன் வடிவம் ஓலையில் இருக்கவில்லை, ஓசைக்குள் இருந்தது என்பதே காரணம். குற்றாலத்திலேயே வாழ்ந்து 1954-ல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. கவியின் உருவத்தைப் பற்றி வாழ்நாளெல்லாம் பேசினார். கம்பன் பாடல் இது, இது அன்று என்று காதால் கேட்டே பிரித்துத் தள்ளிய அவருடைய துணிச்சலில் எனக்கு இன்றும் சம்மதமில்லை. ஆனால் செய்யுளின் உருவத்தைத் தாளில் தேடாமல் காதில் தேடிய அளவில் அவர் சரியான இடத்தில் நின்றார்.

என்னை உண்மையில் வருத்தியது வேறு. தமையனார் தம் குறிப்புகளில் ஒரு நியமம் வைத்திருந்தார். தாமே நேரில் கண்டவற்றைத் தடித்த எழுத்திலும், பிறர் சொல்லக் கேட்டவற்றைச் சாதாரண எழுத்திலும் போடச் சொல்லியிருந்தார். பிரத்தியட்சம் தடிப்பு; கேள்வி மெல்லியது. பிரமாண சாஸ்திரம் படித்தவர் அல்லவா! மாற்றுகிற பெட்டி எழுத்துகளை மட்டுமே உள்ளே விடும். தடிப்பை வாசலிலேயே கழற்றி வைத்துவிடும். 312 பக்கங்களும் ஒரே கனத்தில் வந்துவிட்டன. ஒரு பாழடைந்த மண்டபத்தில் ஒரு தூண் இன்ன நாளில் விழுந்தது என்று எழுதியிருக்கிறார். அதை அவர் பார்த்தாரா, டீக்கடையில் கேட்டாரா என்பது மாறிய கோப்பில் தெரியவில்லை. ஓரெழுத்தும் தொலையவில்லை. ஆனால் சாட்சி தொலைந்துவிட்டார்.

உருவம் வெறும் உடை, பொருளே ஆத்மா, உடை மாறினால் என்ன என்று பேசுகிறவர்களுக்கு இந்தத் தடிப்பைத்தான் நான் பதிலாகக் காட்டுவேன். கிழிந்த வஸ்திரத்தைக் களைந்து புதியதை உடுத்துவதுபோல் ஆன்மா உடலை மாற்றுகிறதென்று கீதாசாரியன் சொன்னதை எழுத்துக்குப் பொருத்துகிறவர்கள், உடைக்கும் உடலுக்கும் நடுவே உள்ள எல்லையை முதலில் காட்டவேண்டும். லதாவா, வேறொன்றா என்பது உடை. பக்கத்தின் ஓரத்தில் எத்தனை அங்குலம் விடுவது என்பதும் உடைதான். இது நான் கண்டது, அது நான் கேட்டது என்னும் வேற்றுமை உடலைச் சேர்ந்தது. அதை என் தமையனார் உடையில் வைத்துத் தைத்திருந்தார். அவர்மேல் எனக்குள்ள பக்தி எவ்வளவாயினும், பிழை அவருடையதுதான் என்று சொல்லத்தான் வேண்டும். ஏனெனில் இந்தக் காரியத்தைத் தொல்காப்பியர் வேறு விதமாகச் செய்திருக்கிறார். முன்னோர் சொன்னதைச் சொல்லும்போதெல்லாம் 'என்ப' என்கிறார், 'என்மனார்' என்கிறார். கேள்வியால் வந்த செய்தி என்பதற்கு அவர் வைத்த அடையாளம் ஒரு சொல். ஓலை, ஈயம், கணினி என்று எத்தனையோ உருமாற்றங்களைத் தாண்டி அந்தச் சொல் இன்றும் தன் இடத்தில் இருக்கிறது.

மாற்றியெழுதுவது நமக்குப் புதிதும் அன்று. பாண்டிநாட்டில் வட்டெழுத்து வழங்கிய காலம் போய், சோழர் வந்தபின் தமிழெழுத்து நிலைத்தது. கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடியில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட உத்தரவிட்ட முதலாம் ராஜராஜன், தன் 28-ஆம் ஆட்சியாண்டில், கற்களைப் பிரிக்குமுன் அவற்றிலிருந்த கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுக்கச் செய்தான். அவன் மகன் ராஜேந்திரனின் 14-ஆம் ஆண்டில் அவை மறுபடி புதிய சுவரில் வெட்டப்பட்டன. கல்லிலிருந்து ஓலைக்கு, ஓலையிலிருந்து கல்லுக்கு. இதில் நான் வியப்பது, மாற்றி வெட்டியவர்கள் இது மாற்றி வெட்டியது என்பதையும் சேர்த்தே வெட்டினார்கள் என்பதை. நம் கணினிகளுக்கு இந்த நாணயம் இல்லை.

திருத்திய கோப்பின் முதற்பகுதியைச் சென்னையிலிருக்கும் அண்ணன் மகனுக்கு அனுப்பினேன். அவன் வேர்டு வைத்துக்கொள்வதில்லை. லிப்ரே ஆபிஸ் என்னும் இலவச மென்பொருளில்தான் எழுதுகிறான். மறுநாள் போன் செய்தான்.

"சித்தப்பா, பொருளடக்கத்துல குறும்பலா 47-ஆம் பக்கம்னு போட்டுருக்கு. போய்ப் பாத்தா அங்க தேனருவிலா நிக்கு!"

அவனுடைய யந்திரத்தில் லதா இல்லை. இல்லாத எழுத்துருவுக்குப் பதிலாக அது வேறொன்றை எடுத்துக்கொண்டது. ஒவ்வோர் எழுத்தும் ஒரு மயிரிழை அகன்றது. வரி முறியும் இடம் தள்ளிப்போயிற்று. வரி தள்ள, பத்தி தள்ள, பக்கம் தள்ள, நான் கையால் தட்டி வைத்திருந்த பொருளடக்கம் பொய்யாகிவிட்டது. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு என்று சித்தாந்திகள் சொல்வது எழுத்துக்கும் பொருந்தும்போலும். இந்த ஆவணங்களுக்குச் சர்வதேசத் தரம் என்று ஒன்று இருக்கவேண்டுமே என்று கேட்டேன். ஒன்றல்ல, இரண்டு இருக்கின்றன என்றான். 2006-ல் ஒன்று, 2008-ல் ஒன்று, இரண்டையும் ஏற்றது ஒரே சபை. வடகலை தென்கலை நமக்கு மட்டும் உரியதென்று நினைத்திருந்தேன்.

"பிடிஎஃப்-ஆ அனுப்பிருங்க சித்தப்பா, ஒண்ணும் அசையாது" என்று அவன் உபாயம் சொன்னான். எழுத்துருவையும் உள்ளே வைத்துக் கட்டி அனுப்பும் அம்முறையில் ஒன்றும் அசையாது என்பது உண்மை, எளிதில் திருத்தவும் முடியாது. நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளில், ஆலங்காட்டில் ரத்தின சபை, தில்லையில் பொன்னம்பலம், மதுரையில் வெள்ளியம்பலம், நெல்லையில் தாமிர சபை என்று நான்கு போக, ஐந்தாவது குற்றாலத்துச் சித்திர சபை. அங்கே பெருமான் சுவரில் தீட்டிய ஓவியமாகவே ஆடுகிறார். தாண்டவம் ஒன்று, அதற்கு வடிவம் ஐந்து. ஓவியத்தின்மேல் பாலும் தேனும் ஊற்ற முடியாது. சுவரைத் தூக்கி வீதியுலா வரமுடியாது. கண்ணால் மட்டும் காண வேண்டிய கோலம் அது, அதனால் அதற்குக் குறைவும் இல்லை. வேலை முடிந்த புத்தகம் அச்சகத்திற்குப் போகும்போது சித்திர சபையாகப் போகட்டும். இன்னும் திருத்த வேண்டிய குறிப்புகள், இன்னொருவர் வந்து சேர்த்தெழுத வேண்டிய குறிப்புகள், அபிஷேகம் ஏற்கும் மூர்த்தியாகவே இருக்கவேண்டும்.

ஆகவே நான் இப்போது செய்துகொண்டிருப்பது இது. பழைய பாமினிக் கோப்பு ஒரு திரையில், புதியது மற்றொன்றில். தடித்த எழுத்து வரும் இடங்களிலெல்லாம் 'நேரில் கண்டது' என்று இரண்டு சொல்லைச் சேர்த்து வருகிறேன். அட்டவணைகளை அட்டவணையாகவே அமைக்கிறேன். தலைப்பு இன்னது என்று மென்பொருளுக்கு அறிவித்துவிட்டால் பொருளடக்கத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும் என்று மாணவன் சொல்லிக்கொடுத்ததால், அதையும் செய்கிறேன். பக்கம் எங்கே தள்ளினாலும் எண் கூடவே தள்ளும். 'நேரில் கண்டது' என்பது என் தமையனார் எழுதாத சொல். அவருடைய நூலில் நான் பதிக்கும் விரல் தடம். அதை முன்னுரையில் ஒளிக்காமல் சொல்லப்போகிறேன். இரண்டு நிமிஷத்தில் மாறியதை வாசித்துச் சரிபார்க்க ஆனியிலிருந்து இன்றுவரை ஆகியும் 94 பக்கம்தான் முடிந்திருக்கிறது. காலையில் குளித்து வந்து நாலு பக்கம், அதற்குமேல் கண் ஒத்துழைப்பதில்லை. தைலம் சாத்துகிற அர்ச்சகரும் ஒரே நாளில் ஒரு வருஷத்துத் தைலத்தைச் சாத்திவிட முடியாது.

எங்கள் ஊரே ஒரு படிதான். காசிக்குப் போகமுடியாதவர்களுக்காகக் காசி விசுவநாதரைச் சிற்றாற்றின் கரைக்குக் கொண்டுவந்து, 1446-ல் கோயில் எடுக்கத் தொடங்கியவன் பராக்கிரம பாண்டியன். காசியின் பெருமையைக் கூறும் காசி கண்டத்தைப் பின்னாளில் தமிழில் பாடிய அதிவீரராம பாண்டியனும் இந்தத் தென்காசி அரசன்தான். பராக்கிரமன் எழுப்பத் தொடங்கிய ராஜகோபுரம் பின்னர் பிளந்து சிதைந்து, நெடுங்காலம் மொட்டையாக நின்று, 1990-ல் மறுபடி ஒன்பது நிலைகளோடு நிமிர்ந்தது. கீழே கல் பழையது, மேலே உள்ளதெல்லாம் நம் காலத்து வேலை. காற்று மட்டும் அன்று வீசியபடியே வீசுகிறது. பராக்கிரம பாண்டியன் தன் கோயிலுக்கு என்றேனும் ஒரு குறை நேரக்கூடும் என்று அறிந்திருந்தான். அப்படி நேரும்போது அதை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரை உலகறிய வணங்குகிறேன் என்று பாட்டாகவே எழுதிக் கல்லில் பொறித்து வைத்தான்.

வாசகர்களில் சிலர் வீட்டிலாவது இப்படி ஒரு பழைய தட்டோ கோப்போ கிடக்கும். தகப்பனாரின் வரவுசெலவுக் குறிப்போ, பாட்டியின் வைத்தியக் குறிப்போ, அச்சேறாத ஒரு நாவலோ. அது எந்த எழுத்துருவில் தட்டியது என்று அறிந்தவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு, அந்தப் பெயரை உறையின்மேல் பேனாவால் எழுதி வையுங்கள்.